சத்தமில்லாத பிடிப்பு

"எஃப் கோர்டை இப்பிடிப் புடிச்சா லேசு, வாப்பா." கைபேசியைப் பார்த்து மகள் கிட்டாரில் பிடித்துக் காட்டினாள். தந்தியில் அவள் விரல் உரசிய கீச்சொலி என்னைக் கல்முனை வீட்டுக்கு இழுத்துப் போனது.

மதியம் ளுஹர் தொழுதுவிட்டு என் வாப்பா தூங்கும்போதுதான், எனக்கு மூத்தவரான காக்கா ஒளித்து வைத்த கிட்டாரை எடுப்பார். சத்தம் கேட்டால் வாப்பா உடைத்துவிடுவார். அதனால் இடக்கை மட்டும் தந்திகளை அழுத்தும். வலக்கை மடியில் கிடக்கும். எஃப் கோர்டுக்குத் தானே ஒரு சுருக்குப் பிடிப்பும் கண்டுபிடித்திருந்தார். "துபாய்க்குப் போய்ச் சத்தமா வாசிப்பன்டா" என்பார்.

துபாய்க்குப் போன அதே வருடம், அங்கே ஒரு கிட்டார் வாங்குமுன்பே காக்கா மவுத்தானார். அங்கேயே அடக்கினார்கள்.

கிட்டாரை வாங்கி, அவருடைய பிடிப்பில் மீட்டினேன். நாராசமாகக் கரகரத்தது.

"அது பிழை, வாப்பா."

"ஓம்" என்றேன். காக்கா அந்தச் சத்தத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.