வாழைக்கு ஊற்றிய பால்

மொரீஷியஸில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு இருந்தது. வண்டிக்கென்று என் கணவர் ஒரு பெண்குதிரை வாங்கி வந்தார். அது சினை என்று வயிறு காட்டிக்கொடுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "ஒரு வெலைக்கு ரெண்டு" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். நானும் அப்போது முழுகாமல் இருந்தேன். குதிரைக்கு நடந்த உபசாரத்தில் பாதி எனக்கு நடந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஒரு காலையில் குட்டி பிறந்தது. பெண்குட்டி, நெற்றியில் வெள்ளை. எங்களுக்குப் பசு தெரியும், குதிரை தெரியாது. மடியில் பால் மஞ்சளாய், கெட்டியாய் இருந்தது.

"பொம்பளைங்களுக்கு மொதல்ல வர்ற அழுக்குப் பால் மாதிரி இருக்கு. கறந்து கொட்டிடு" என்றார்.

பசுவின் சீம்பால் என்றால் காய்ச்சித் தின்றிருப்போம். குதிரைப் பாலை யார் தின்பது? இரண்டு நாள் கறந்து வாழையடியில் ஊற்றினேன். குட்டிக்குச் சீசாவில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். எங்கள் தீவில் சர்க்கரைக்கா பஞ்சம்!

மூன்றாம் நாள் குட்டிக்கு உடம்பு கொதித்தது. தாயை விட்டு விலகிப்போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டே நின்றது. பிறகு விழுந்தது. கழுத்து பின்னால் வளைந்து விறைத்தது, கால்கள் காற்றில் ஓடின. அவர் ஓடிப்போய்ப் பக்கத்துத் தோட்டத்துக் குதிரை டாக்டரைக் கூட்டி வந்தார்.

டாக்டர் குட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கிரியோலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மதாம், ப்ரெமியே திலே?" முதல் பால் எங்கே என்கிறார். நான் வாழையைக் காட்டினேன்.

கிருமி மூளைக்கு ஏறிவிட்டது, அதைத் தடுக்கும் காவல் அந்தப் பாலில்தான் இருந்தது என்றார். மத்தியானம் குட்டி செத்தது.

அவர் குட்டிக்காக அழுதார். நான் அழுதது வேறொன்றுக்கு. என் தலைப்பிள்ளைக்கும் மூன்று நாள் சர்க்கரைத் தண்ணீர்தான். என் பாலை நானே பீய்ச்சிக் கொட்டினேன். ஆறாம் நாள் அவன் கழுத்தும் அப்படித்தான் வளைந்தது. அதனால்தான் போனானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மகள் பிறந்தாள். துடைத்து என் பக்கத்தில் கிடத்திவிட்டு, மருத்துவச்சி சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினாள்.

"அத வாழைக்கு ஊத்து" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டேன்.