தண்டோடு சம்பங்கி

பங்குனி, புதன்கிழமை. சிதம்பரத்தில் விடிகாலை நேர் பஸ் தவறிவிட்டது. காட்டுமன்னார்கோயிலில் ஒரு மாற்றம், ஸ்ரீமுஷ்ணத்தில் இன்னொன்று. விருத்தாசலத்தில் இறங்கும்போது எட்டரை மணி. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. உழவர் சந்தை கலைந்துவிடுமே என்று டீகூடக் குடிக்காமல் நடந்தேன்.

பயணம் விருத்தாசலத்தில் இருக்கும் என் அக்காவுக்காக. அத்தான் இறந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் போனில், "வூட்டுல பூ வாசனையே இல்லாம என்னமோ மாதிரி இருக்குதுடா" என்றாள். கணவனை இழந்தவளுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் பூ வாங்கித் தருவதில்லை. சரமாகக் கொண்டுபோனால் தலைக்கா என்று முறைப்பார்கள். மாலையாகக் கொண்டுபோனால் அத்தான் படத்துக்குப் போய்விடும். தண்டோடு கிடைத்தால் ஜாடியில் வைக்கலாம் என்பது அக்காவின் யோசனை.

சந்தையில் கீரைக்கும் கத்தரிக்காய்க்கும் அப்பால் ஒரு கணவனும் மனைவியும் மட்டுமே பூ விற்றார்கள். சாக்கில் உதிரிச் சம்பங்கி, கிலோ எண்பது ரூபாய். தண்டோடு கேட்டேன்.

"தண்டா? வெட்டிட்டா மேல இருக்கிற மொட்டெல்லாம் வீணாப்பூடும் சார். தெனம் கீழேருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் பறிப்போம்" என்றார் அந்த அம்மாள்.

கணவர் சிரித்தார். "சாரு ஓட்டல் வெச்சிருக்காரு போல. மேசையில சொருவ கேக்குறாரு."

"ஆமா, ஓட்டல்காரரு பஸ்ஸுல கசங்கி வந்து நிப்பாரு. சும்மா இருய்யா." என்னிடம் திரும்பினார். "யாருக்குங்க?"

சொன்னேன். பிறகு அந்த அம்மாள், "நல்லூர் ரோட்டுலதான் எங்க பூக்கொல்ல. இவரு வண்டியில இட்டுக்கினு போவாரு. பத்து தண்டுதான் தருவோம். ஒண்ணு பாஞ்சு ரூபா, கொறைக்க மாட்டேன்" என்றார். நானும் பேரம் பேசாமல் நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன்.

வெயில் ஏறிய பிறகு கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் அரிவாளால் அடியோடு அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். திரும்பும் வழியில் மொபெட் இரண்டு முறை நின்றது. இரண்டாவது முறை நானும் தள்ளினேன்.

பதினொன்றரைக்கு அக்கா வீடு. உள்ளூர்ச் சூளையில் சுட்ட வெள்ளை ஊறுகாய் ஜாடியைக் கழுவி வைத்துக் காத்திருந்தாள். அத்தானின் அக்காவும் அங்கேதான் இருக்கிறார். அவர் கணவரை இழந்து வருஷங்கள் ஆகின்றன. சாக்கைப் பார்த்ததும், "என் தம்பி படத்துக்கு முன்னாடி வையி" என்றார்.

"அவருக்கு மாலை போட்டிருக்குது அண்ணி. இது எனக்கு."

"உனக்கா? நாலு பேரு வந்து போற வூடு."

"வரட்டுமே. தலையிலயா வெச்சிருக்கேன்?"

அத்தானின் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா ஜாடியைத் தன் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு எனக்குச் சோறு போட்டாள். வீட்டின் நிம்மதியைக் கெடுத்துவிட்டோமோ என்ற நினைப்போடுதான் கிளம்பினேன்.

மாலை நான்கரை மணி பஸ்ஸில் உட்கார இடமில்லை. எங்கள் தெருவில் சைக்கிளில் வரும் பூவை என் மனைவி தினமும் வாங்கி வைத்துக்கொள்கிறாள். நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. சேத்தியாத்தோப்பு தாண்டும்போது அக்கா போன் செய்தாள்.

"டேய், நான் கொல்லப்பக்கம் போயிட்டு வர்றதுக்குள்ள அண்ணி மூணு தண்ட எடுத்துக்கினு போயி சொம்புல வெச்சிக்கிட்டாங்கடா. கேட்டா, 'நீ மட்டும் மோந்தா ஆச்சா'ங்கறாங்க. அடுத்த வாட்டி இருவதா வாங்கியா."

கம்பியைப் பிடித்திருந்த கை மரத்துப்போயிருந்தது. மாற்றிப் பிடித்துக்கொண்டு, சரி என்றேன்.