நான்காவது ஆப்பு

வீட்டில் ஒரே அடுப்பு, அலுவலகத்தில் ஒரே அறை. மூத்த ஓரகத்தி முகத்தில் விழிக்காத நாள் ஒன்றுகூட இவளுக்கு வாய்த்ததில்லை. மூத்தவள் பிரிவுத் தலைவி, இவள் வரைபவள். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் குத்தி எழுதிய ஆப்பெழுத்துகளைக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. எழுத்தை இவள் வரைவாள், உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் பொதுவான ஓர் எண்ணை அதற்கு வாங்குவார்கள், பட்டியலில் மூத்தவள் பெயர் மட்டும் வரும்.

"பன்னெண்டு வருஷமா கண்ணு பூத்துப்போக வரையிறது நான். ஒரு ஓரத்துல என் பேரைப் போட்டா என்னக்கா குறைஞ்சிடும்?"

"வரையிறதுக்கெல்லாம் பேர் போட்டா, அப்புறம் இங்க கூட்டிப் பெருக்கறவங்களுக்கும் போடணும்."

அன்றிலிருந்து இவள் கறுவிக்கொண்டேதான் இருந்தாள். அக்காவுக்கு ஓர் ஆப்பு வைக்காமல் விடுவதில்லை என்று ஒரே வைராக்கியம்.

வாய்ப்பு தானாக வந்தது. ஒரு களிமண் பலகையின் படத்தைப் பார்த்துவிட்டு, எந்தப் பட்டியலிலும் இல்லாத புது எழுத்து கிடைத்துவிட்டதென்று மூத்தவள் குதித்தாள். நான்கு ஆப்புகள் கொண்ட எழுத்தாம். இவள் பலகையையே எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாள். மூன்று ஆப்புகளின் உட்பக்கம் நாணல் அழுந்தி வழவழவென்று இருந்தது. நான்காவது சொரசொரத்தது. மண் பெயர்ந்த பொத்தல். ஆக இது பழைய மூன்று ஆப்பு எழுத்துதான், அதற்கு எண் வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது.

வாயைத் திறந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் எண் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். தப்பென்று ஊரே சிரித்தாலும் எடுக்க முடியாது, விதி அப்படி. உலகத்துக் கணினிகளிலெல்லாம் அக்காவின் மானம் காலத்துக்கும் சந்தி சிரிக்கட்டும் என்று, அந்தப் பொத்தலை அழகான ஆப்பாக வரைந்தாள்.

"நல்லா பார்த்தியா? நாலுதானே?" என்று கேட்டாள் மூத்தவள்.

"நாலேதான்க்கா. கண்ணுல ஒத்திக்கலாம்."

எண் வந்தது. அச்சான பட்டியலை மூத்தவள் மேஜைமேல் தள்ளினாள். புது எழுத்துக்கு நேரே, 'கண்டறிந்து வரைந்தவர்' என்ற இடத்தில், இவள் பெயர் மட்டும் தலைப்பெழுத்தோடு முழுசாக இருந்தது.

"போட்டாச்சு. இனிமே சமையக்கட்டுல பாத்திரத்தை உருட்டாதே. அந்த எழுத்து இருக்கிறவரைக்கும் உன் பேரும் இருக்கும். யாராலயும் எடுக்க முடியாது."

இவள் அந்தப் பெயர்மேல் விரலை வைத்தாள். "அக்கா, அந்த நாலாவது..."

"நன்றியெல்லாம் வேணாம்," என்று சொல்லிவிட்டு, மூத்தவள் அடுத்த பலகையின் படத்தைத் திறந்தாள்.