கதவக்கா வீட்டு ஜன்னல்

வயசான பொம்பளை தனியா ஒரு வீட்ல குடியிருக்கப் போறாங்கன்னா, எல்லார் வாயிலயும் முதல்ல வர்ற வார்த்தை திருடன். எங்க ஊர்ல நான் இதுவரைக்கும் ஒரு திருடனைக்கூடப் பார்த்ததில்லை. ஆனா அவனுக்குப் பயந்து நான் அடிச்சுக் கொடுத்த கிரில்லை வரிசையா நிறுத்துனா பஸ் ஸ்டாப் வரைக்கும் போகும். நான் வெல்டர். ஊரோட பயத்துலதான் என் வீட்ல உலை கொதிக்குது. அதனால நல்லவன் வேஷம் போட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் பேசுவேன், ஆத்திரம் இன்னும் அடங்கலை.

நான் சொல்றது ஒரு அக்காவைப் பத்தி. அவங்க சிட்டியில ஒரு சட்டை ஃபேக்டரியில முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவங்க. மெஷின்ல உக்காந்து, கடைசியில சூப்பர்வைசர் ஆகி ரிட்டையர் ஆனாங்க. எங்க தெருக் கடைசி வீட்டை வாங்கிட்டு ஒத்த ஆளா வந்து இறங்குனாங்க. எதுக்குக்கா இந்தக் காட்டுலன்னு கேட்டேன். "இத்தனை வருஷம் மெஷின் சத்தம் கேட்டாச்சு தம்பி. இனிமே கொஞ்ச நாள் என் சத்தம் எனக்குக் கேக்கட்டும்"னாங்க.

வந்த மூணாம் நாளே பட்டறைக்கு ஒரு பேப்பரோட வந்தாங்க. பாத்ரூம் கதவு வெளிப்பக்கமா திறக்கணும். உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் வெளியிலேருந்து எடுக்க வழி இருக்கணும். சுவத்துல பிடிச்சுக்க கம்பி வேணும். இதெல்லாம் சரி. கடைசியா ஒண்ணு எழுதியிருந்தாங்க, சமையல்கட்டு ஜன்னலோட கிரில் கதவு மாதிரி திறக்கணும், அதுக்கு வெளியிலேருந்து திறக்கிற பூட்டு போடணும், ஒரு சாவி பக்கத்து வீட்டு கோழிக்காரம்மாகிட்ட இருக்கும்னு.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "அக்கா, கிரில் வெக்கிறதே எவனும் உள்ள வரக்கூடாதுன்னுதான்."

"நான் விழுந்தா யாராவது உள்ள வரணுமே தம்பி. திருடன் வந்தா என்னத்த எடுத்துட்டுப் போவான், என் முட்டி வலியையா? எடுத்துட்டுப் போகட்டும்."

அப்புறம் அந்த ஃபேக்டரி கதையைச் சொன்னாங்க. துணியைத் திருடிடுவாங்கன்னு பின்கதவைப் பூட்டி, சாவியை மேனேஜர் பாக்கெட்ல வெச்சிருப்பானாம். ஒருநாள் நூல் ரூம்ல தீ. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தான். பக்கத்து மெஷின்ல ஒன்பது வருஷம் கூட உக்காந்திருந்த சிநேகிதி அந்தப் பூட்டின கதவுக்கிட்டதான் விழுந்து கிடந்தாங்களாம். அதுலேருந்து ரிட்டையர் ஆகுற வரைக்கும் மாசாமாசம் ஒண்ணாம் தேதி அந்தக் கதவைத் தானே திறந்து பார்க்காம அக்கா மெஷினைத் தொட்டதில்லை. யாரு முறைச்சாலும் சரி. கதவக்கான்னு பேரே வெச்சுட்டாங்க.

கேட்டபடியே செஞ்சு கொடுத்தேன். அடுத்து வந்த ஒண்ணாம் தேதி அக்கா சமையல்கட்டுத் தரையில நிஜமாவே படுத்துக்கிட்டாங்க. கோழிக்காரம்மா வெளியில நின்னு பூட்டைத் திறந்து, புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு உள்ள ஏறுனாங்க. மூணு பேரும் சிரிச்சோம். காலையில எட்டு மணிக்குள்ள ஜன்னல் துணியை விலக்கலைன்னா வந்து பார்க்கணும்னு ரெண்டு பேருக்கும் பேச்சு.

அதுக்கப்புறம் அக்காவோட பையன் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து வீட்டைச் சுத்திப் பார்த்துட்டுப் போனான். முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் இரும்புக் கதவு, உள்ள குறுக்குக் கம்பின்னு ஆர்டர். போட்டேன். அப்புறம் ஒருநாள் போன்.

"அந்த ஜன்னல் கிரில்லைத் திறக்க முடியாதபடி வெல்டு வெச்சுப் பத்த வெச்சுடுங்க. திருடனை வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிற மாதிரி இருக்கு. அம்மாகிட்ட சொல்ல வேணாம், சண்டைக்கு வருவாங்க."

நான் என்ன சொல்லியிருக்கணும்? வீடு அவங்களுது, உயிர் அவங்களுது, அவங்களைக் கேளுன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. பெத்த பிள்ளை, அக்கறையில சொல்றான்னு மண்டையை ஆட்டுனேன். அக்கா கண் டாக்டரைப் பார்க்க டவுனுக்குப் போன அன்னிக்குப் போய் நாலு இடத்துல பொட்டுப் பொட்டா பத்த வெச்சேன். ரெண்டு போதும். ஆனா நம்ம வேலை சுத்தம்னு ஊர்ல பேராச்சே, நாலு. மேல பெயின்ட்டும் அடிச்சேன். அடுத்த ஒண்ணாம் தேதி அக்கா திறந்து பார்த்துக் கத்துனா, பையன் பார்த்துக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஒண்ணாம் தேதிக்கு மூணு நாள் இருக்கும்போது அக்கா விழுந்துட்டாங்க.

காலையில அடுப்புல பாலை வெச்சுட்டுத் திரும்புனவங்க, தரையில ஈரம், வழுக்கி இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. போன் படுக்கிற ரூம்ல. பாலைக் காய்ச்சிட்டுத்தான் வாசல் திறக்கிற வழக்கம், அதனால ரெண்டு இரும்புக் கதவும் உள்ள குறுக்குக் கம்பி போட்டுப் பூட்டியிருந்துச்சு. எட்டு மணியாகியும் துணி விலகலைன்னு கோழிக்காரம்மா சாவியோட வந்தாங்க. துணிக்குப் பின்னாடி முனகல். பூட்டு திறந்துச்சு. கிரில் அசையலை. மொத்த பலத்தையும் போட்டு இழுத்துப் பார்த்துட்டு, என் பட்டறைக்கு ஓடி வந்தாங்க. அவங்க வாயைத் திறக்கும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

கட்டிங் மெஷினைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். ஜன்னல் துணியை விலக்குனா, அக்கா தரையில ஒருக்களிச்சுக் கிடக்காங்க. முகம் வெளுத்துக் கிடக்கு.

"பூட்டு திறந்த சத்தம் கேட்டுச்சு. ஏன் தம்பி வரலை?"

"நான் பத்த வெச்சுட்டேன்கா. உங்க பையன் சொன்னாரு."

கண்ணை மூடுனாங்க. திட்டுவாங்கன்னு நின்னேன். "மெஷினைப் போடாதே. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கு, கேஸ் வாடை வருது. தண்ணி ஊத்திக் கையால அறு"ன்னாங்க.

இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிற மனுஷிக்கு அது தெரியுது. தொழில்காரன் எனக்குத் தோணலை. பொறி பறந்திருந்தா அந்த வீட்டோட நாங்க மூணு பேரும் போயிருப்போம்.

கோழிக்காரம்மா செம்பால தண்ணி ஊத்த ஊத்த, ஹாக்சா பிளேடால அறுத்தேன். முதல் பொட்டு. ரெண்டாவது. பிளேடு உடைஞ்சுது, வேற போட்டேன். கேஸ் கீழதான் தங்கும், அக்கா கிடக்கிறதும் கீழ. "பேசிக்கிட்டே இருங்கக்கா"ன்னேன். "இழுக்கும்போது அழுத்தாதே, தள்ளும்போது அழுத்து"ன்னு எனக்கே பாடம் சொன்னாங்க. மூணாவது பொட்டுல பேச்சு குழறுச்சு. நாலாவதுல பேச்சே இல்லை. வேலியே பயிரை மேஞ்சதுன்னு சொல்லுவாங்களே, அந்த வேலி நான்தான். என் வேலை சுத்தத்தை என் வாயாலயே சபிச்சுக்கிட்டு அறுத்தேன். நாப்பது நிமிஷம். உள்ள குதிச்சு, அடுப்பைத் திருகி, வாசலைத் திறந்து, அக்காவை ஒரு பாய்ல கிடத்தி வெளியில இழுத்துட்டு வந்தோம். காத்து பட்டதும் இருமுனாங்க. அந்த இருமலைக் கேட்டு நான் வாசல்லயே உக்காந்து அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குப் பையன் சாயங்காலம் வந்தான். வந்ததும் வராததுமா, "இதுக்குத்தான் தனியா இருக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்"னான்.

எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ. "உங்கம்மா தனியா இருந்ததால சாகப் பார்க்கலைய்யா. நீயும் நானும் இருந்ததால"ன்னு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துனேன்.

அவன் அசரலை. "நான் சொன்னேன். செஞ்சது நீதானே?"ன்னான்.

பையன் கூட்டிட்டுப் போகத்தான் பார்த்தான். அக்கா போகலை. நாலு மாசம் கழிச்சு, நடக்கிற ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு அதே வீட்டுக்கு வந்தாங்க. கிரில்லை முன்ன இருந்த மாதிரியே மாட்டச் சொன்னாங்க. மாட்டுனேன். இந்தப் பக்கம் வேற வெல்டர் கிடையாது, இல்லைன்னா என்னை வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டாங்க.

இப்ப ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் எனக்கு போன் வரும். போவேன். அக்கா உள்ள நாற்காலியில உக்காந்திருப்பாங்க. கோழிக்காரம்மாகிட்ட சாவியை வாங்கி, வெளியில நின்னு திறந்து காட்டணும். திறப்பேன். அப்புறம் அக்கா ஸ்டாண்டைத் தள்ளிக்கிட்டு மெதுவா ஜன்னல்கிட்ட வந்து, கீலையும் சட்டத்தையும் மேலேருந்து கீழ விரலால தடவிப் பார்ப்பாங்க. பெயின்ட்டைக்கூட நகத்தால சுரண்டிப் பார்ப்பாங்க.

ரெண்டு திட்டு திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். திட்டவே இல்லை. முன்னாடியெல்லாம் தம்பின்னு கூப்பிடுவாங்க.

"சரியா இருக்கு வெல்டர், நீங்க போகலாம்"னு சொல்லிட்டுத் துணியை இழுத்து விட்டுடுவாங்க.