ஈரப்பதம் நாற்பத்தைந்து

1. உரிந்த படலம்

மூன்றாவது முறையும் ரெசிஸ்ட் உரிந்துகொண்டு வந்துவிட்டது. சிலிக்கன் வேஃபர் என்ற வட்டத் தகட்டின் மீது அந்தத் திரவத்தை மெல்லிசாகப் பூசி, ஒளி காட்டிக் கழுவினால் கோடு கோடாக வடிவம் நிற்க வேண்டும். எங்கள் வேஃபரில் எதுவும் நிற்கவில்லை. கோடுகள் எல்லாம் கிண்ணத்தில் பாலாடைபோல மிதந்தன.

"கைய ஒழுங்கா கழுவிட்டு வரமாட்டீங்களா?" என்று கத்தினார் விரிவுரையாளர் கலாநிதி ரமணன். ஐந்து மாணவர்களும் தலை முதல் கால் வரை வெள்ளை உடைக்குள் இருந்தார்கள். கையுறை போட்ட கையை எப்படிக் கழுவுவது என்று யாரும் கேட்கவில்லை.

நான் அந்த ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பதுளையில் ஒரு சின்னத் தனியார் கெம்பஸ். தேயிலைத் தொழில்நுட்பம்தான் பிரதான பாடம். உலகமே சிப்பில் ஓடுகிறது என்ற செய்தி ஒருநாள் நிர்வாகத்துக்கு எட்டியது. உடனே குறைகடத்திப் பொறியியலைத் துணைப்பாடமாக வைத்தார்கள். உடைந்த கதிரை, மேசைகள் கிடந்த அறையைக் காலிசெய்து, மஞ்சள் விளக்கு போட்டு, சுவரில் ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்றை மாட்டி, தூசியும் ஈரமும் அண்டக் கூடாத கிளீன்ரூம் என்று பெயர் வைத்தார்கள்.

"ஈரப்பதம் எந்த நேரமும் நாற்பத்தஞ்சு சதவீதம் இருக்கணும்" என்று எனக்கு உத்தரவு. இருந்தது. தினமும் காலையில் பார்ப்பேன்: 45. பதிவுப் புத்தகத்தில் எழுதுவேன்: 45. ஏழு மாதம் இப்படியே போனது. மழைக்காலத்தில் அந்தப் புத்தகத்தின் தாள்களே நமுத்துப்போயிருந்தன. நமுத்த தாளில்தான் எழுதினேன், 45 என்று.

2. டீமேக்கரின் பலகை

ஐவரில் ஒருத்தி தர்ஷினி. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. "ஏம்மா இந்தப் பாடத்துக்கு வந்தே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னொரு மைனர் பாடம் மார்க்கெட்டிங் அண்ணே. அதுக்கு வாய் வேணும். இதுல வாயை மூடிக்கச் சொல்லி மாஸ்க்கே குடுக்குறாங்க."

ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கும் நிலைமை போய்விட்டது. மாணவர்களின் கவனக்குறைவுதான் காரணம், செய்முறை மதிப்பெண்ணை ரத்துசெய்ய வேண்டும் என்று ரமணன் பீடாதிபதிக்கு எழுதிவிட்டார். அது போனால் துணைப்பாடமே போச்சு. கொழும்பில் ஒரு சிப் கம்பனி தர்ஷினியைப் பயிற்சிக்கு எடுக்க இருந்தது, அந்தப் பாடம் தேறினால்.

புதன்கிழமை விசாரணைக் கூட்டம் என்றார்கள். திங்கட்கிழமை அவள் கையில் ஒரு மரப்பலகையோடு வந்தாள். அதில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருந்தது. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு இரண்டும் வித்தியாசம் காட்டும். தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாடுவதை இதை வைத்துத்தான் கணிப்பார்கள்.

"எங்க தோட்டத்து ஃபேக்டரி டீமேக்கர்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். ஒடஞ்சா என்னைய ரோலர்ல போட்டு அரைச்சிருவாரு."

கால் மணி நேரம் காத்திருந்தோம். இரண்டுக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசமில்லை.

"அண்ணே, இது கிளீன்ரூம் இல்ல. கொழுந்தைப் புளிக்க விடுற ரூம். இங்க அரைச்ச கொழுந்தைப் போட்டா நல்லா செவக்கும்."

வேஃபரில் ஈரம் படிந்தால் ரெசிஸ்ட் ஒட்டாது. ரமணனே வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம் அது. "மீட்டர் நாற்பத்தஞ்சுனு காட்டுதே" என்று நான் சுவரைக் காட்டினேன். அவள் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டினாள். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று உரிந்து வந்தது. 45உம் அதோடு வந்தது.

திரை எப்படித் தெரியும் என்று காட்டுவதற்காக மாதிரி எண் அச்சடித்து ஒட்டிய உறை. அடியில் சாம்பல் நிறத்தில் வெற்றுத் திரை. பேட்டரியே போடவில்லை.

அவள் சிரித்திருந்தால் பரவாயில்லை. "நீங்க தினமும்..." என்று இழுத்தாள்.

"ஆமா. போய்ச் சொல்லப் போறியா?"

"நீங்க சொல்லுவீங்களான்னு பார்க்குறேன் அண்ணே. கூட்டம் முடியிற வரைக்கும் பார்ப்பேன்."

3. விசாரணை

புதன்கிழமை கூட்டம். அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருந்தது. ஒரு பேட்டரியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்ததை மறைக்க மாட்டேன்.

ரமணன் என் பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "ஏழு மாசத்துல ஒரு நாள்கூட மாறல. இப்படி ஒரு ரூம் கொழும்புலயே இல்ல. அப்ப தப்பு யார் மேல?"

பீடாதிபதி தலையாட்டினார். மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். தர்ஷினி மட்டும் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து தாளை மேசைமேல் வைத்தேன்.

"சேர், நான் பார்த்து எழுதினது மீட்டர் இல்ல. ஸ்டிக்கர்."

பீடாதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழு மாசமாவா?"

"லீவு எடுத்த நாளும் சேர்த்து."

"லீவு நாள்ல எப்படிங்க எழுதினீங்க?"

"அடுத்த நாள் வந்து எழுதினேன் சேர். எப்படியும் நாற்பத்தஞ்சுதானே."

யாரோ இருமினார்கள். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும். என் முகம் மிளகாய் தேய்த்ததுபோல் எரிந்தது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. மாணவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. ரமணன் மன்னிப்புக் கேட்கவில்லை. "எல்லாருக்கும் நல்ல அனுபவம்" என்று முடித்துக்கொண்டார். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வந்தது. வேஃபரை முதலில் சூடாக்கி, ஈரத்தை ஓட்டிவிட்டு ரெசிஸ்ட் பூசினார்கள். கோடுகள் நின்றன. ஐந்து பேரும் தேறினார்கள். தர்ஷினி கொழும்புக்குப் போனாள்.

இந்த உத்தியோகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேலதிகாரிக்குப் பிடித்த எண்ணைத் தினமும் எழுதினால் யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள். அதன் தண்டனையை வேறு யாரோ வாங்கிக்கொண்டிருப்பார்கள், உங்கள் கண்முன்னாலேயே.

கூட்டத்துக்கு மறுநாள், இயந்திரம் வருமுன், மீட்டருக்குப் பேட்டரி போட்டு முதன்முறையாகப் பார்த்து எழுதினேன்: 91. நமுத்த தாளில் மை ஊறி எண் கோணலாகத்தான் விழுந்தது. அடித்துத் திருத்தவில்லை.