விருந்தாளிகளுக்காக மூடிய பள்ளங்கள்

இன்று சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸில் என் பழைய மாணவன் மாது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பேச்சு எண்பதுகளுக்குப் போனது.

மலைக்குத் தார்ச்சாலை போடுவதாகச் சட்டமன்றத்தில் அமைச்சர் உறுதி சொல்லியிருந்தார். அதிகாரிகள் வேலையைத் தொடங்கவே இல்லை. சொன்னது நடந்ததா என்று பார்க்கச் சட்டமன்றக் குழு ஒன்று மலையேறியது.

"விருந்தாளிங்க ஜீப்பு குலுங்கக் கூடாதுன்னு மொத நாளே ஊரே சேந்து பள்ளத்த மூடிட்டோம் சார்" என்றான் மாது.

வந்தவர்கள், "ரோடு நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தார்ச்சாலை வரவில்லை.

அடுத்த மழையில் பள்ளத்தில் போட்ட மண் கரைந்தது; வண்டி ஏற வழியில்லை. பிரசவ வலியில் துடித்த மாதுவின் அக்காவைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

"இப்ப ஒரு குழு வந்தா?" என்றேன்.

"பள்ளத்த அப்படியே வுட்டுருவோங்க சார். ஆனா சோறு போடாம அனுப்ப மாட்டோம்."

உங்கள் ஊருக்குக் குழு வந்தால் எதை மூடாமல் வைப்பீர்கள்?