டாக்டரம்மா பாத்தாச்சு

பள்ளி இறுதி வகுப்பு முடித்து, ஒரே ஒரு வருடம் பி.யு.சி. படித்துவிட்டு நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போனவள் நான். அது அறுபதுகளின் தொடக்கம். மருத்துவம் சேர அப்போதும் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் என் வகுப்பில் பலர் பி.எஸ்சி. முடித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு நாங்கள் பால்புட்டிகள். விடுதியில் ஒரு பட்டதாரி அக்கா என் இரட்டைச் சடையைப் பிடித்து நிறுத்தி, "ஏய், ஆரம்பப் பள்ளின்னு நினைச்சு உங்கப்பா உன்னை இங்க விட்டுட்டுப் போயிட்டாரா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்கக் கற்றுக்கொண்டேன். சிரிக்காவிட்டால் இன்னும் வாங்க வேண்டியிருக்கும்.

அந்த முதல் வருடத்தில் மருத்துவத்தில் ஒரு எழுத்துகூடச் சொல்லித்தரவில்லை. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். தவளையை அறுத்தோம், கரப்பானை அறுத்தோம். நோயாளிகள் படுத்திருக்கும் வார்டுப் பக்கம் எங்களை விடவே இல்லை.

இதை அப்பாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் எங்கள் ஊர். அங்கே மிஷன் பள்ளியில் அவர் வாத்தியார். கோடை விடுமுறைக்கு வந்த என்னை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நிறுத்தி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க வீட்டு டாக்டரு" என்று காட்டுவார்.

"அப்பா, நான் இன்னும் ஒண்ணும் படிக்கலை."

"ஒண்ணும் படிக்காமயா ஒரு வருசம் அங்கன இருந்தே?"

ஒரு மத்தியானம் ஊருக்குத் தெற்கே வெடித்தது. பட்டாசுக் கம்பெனிகள் சோதனைக்கு வெடிப்பது எங்களுக்குப் பழக்கம். இது வேறு சத்தம். ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன. தெருவில் பேச்சு நின்றுபோனது. சற்று நேரத்தில் கம்பெனி வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது.

உள்ளே பலகையில் கிடந்தவள் எட்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அதன் பிறகு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற வேலைக்குப் போய்விட்டாள். முகத்தில் ஒரு பக்கம் தப்பியிருந்ததால்தான் அடையாளம் தெரிந்தது. கைகளிலும் மார்பிலும் தோல் வழன்று தொங்கியது. தீப்புண்ணுக்கு நல்லதென்று கம்பெனியில் யாரோ நீல மையை ஊற்றியிருந்தார்கள். மையும் நிணநீரும் கலந்து பலகையிலிருந்து சொட்டியது. அவளுக்கு நல்ல நினைவு இருந்தது.

கம்பெனி போர்மேன் இறங்கிவந்தார். "வாத்தியாரய்யா, நம்ம டாக்டரு பாப்பாவைக் கொஞ்சம் வந்து பாக்கச் சொல்லுங்க."

"உடனே விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றேன்.

"அங்கன போனா போலீஸ் கேசு ஆயிரும்மா. லைசென்ஸ் போயிரும். எம்புட்டுப் பேரு அதுல சோறு திங்காக. நீங்களே ஒரு களிம்பு எழுதிக் குடுங்க."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அப்பா அவளைப் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்தார். "பாரு தாயி. சும்மா பாரு" என்றார்.

நான் ஊரறியச் சொன்னேன். "எனக்கு வைத்தியம் தெரியாது. தவளையைத்தான் அறுத்திருக்கேன். நான் டாக்டர் இல்ல."

யாரோ சிரித்தார்கள். அப்பாவின் முகம் அறை வாங்கியதுபோல் ஆனது. அவளுடைய அம்மா அப்போதுதான் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். போர்மேன் அவள் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா பாத்தாச்சு. ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக வேண்டியதில்லயாம். வீட்டுல வச்சுப் பாத்துக்க" என்றார். நான் மறுத்துக் கத்தியதை அவர் காதில் வாங்கவே இல்லை. பலகையை வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு வேன் போய்விட்டது.

"எரியுது புள்ள" என்றாள் பலகையில் கிடந்தவள். "நீ டாக்டருக்குத்தான படிக்க? ஏதாச்சும் செய்யி."

தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று எனக்குத் தெரியும்.

நானும் அவள் அம்மாவும் பலகையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தோம். கூட்டத்தில் பாதி அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். ஒருவரும் கைகொடுக்கவில்லை. அப்பா வீட்டுக்குள் போய்விட்டார். பஸ்காரர் எங்களைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டினார். கடைசியில் விருதுநகர்ப் பேட்டைக்கு வற்றல் மிளகாய் ஏற்றிப்போன ஒரு லாரிதான் நின்றது. முன்னால் இடமில்லை. தாவணியை உருவி மூட்டைகள் மேல் விரித்தேன். அதில்தான் அவளைக் கிடத்தினோம்.

லாரி குலுங்கும்போதெல்லாம் சாக்கின் இழைகளிலிருந்து மிளகாய்த் தூள் பறந்தது. எங்களுக்குத் தும்மலும் கண்ணெரிச்சலும். அவளுக்கு உடம்பெல்லாம் பச்சைப் புண். வாழ்நாளில் எத்தனையோ அலறல்களைக் கேட்டுவிட்டேன். அப்படி ஒன்றைப் பிறகு கேட்டதில்லை. பாதி வழியில் அதுவும் நின்றது.

"எந்த மடையன் இவளை மிளகாய் மூட்டையில போட்டுக் கொண்டுவந்தது?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார்.

அவள் அம்மா என்னைக் காட்டினாள். "டாக்டரம்மாதான் கொண்டாந்தாக."

டாக்டர் என்னைப் பார்த்தார். தாவணியில்லாமல், பாவாடையும் ஜாக்கெட்டுமாக நின்றேன். விவரம் சொன்னேன். "ஒரு டிகிரிகூட இல்லாம, பள்ளிக்கூடத்துல இருந்து நேரா பிடிச்சுட்டு வந்துடறாங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, "நீ வெளியில நில்லு" என்றார்.

அந்த வாரம் முடிவதற்குள் அவள் இறந்துபோனாள். வீட்டு அடுப்பில் பற்றிய தீ என்று போலீசில் அவள் அம்மாவே கைநாட்டு வைத்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் வீட்டுக்கே போய், ஏன் அப்படிச் சொன்னீக என்று கேட்டேன்.

"சின்னவளுக்குக் கம்பெனியில வேல போட்டுத் தாரேன்னாக. லீவு முடிஞ்சா நீ போயிருவ தாயி. நாங்க இங்கனதான கெடக்கணும்" என்றாள். கோபமில்லாத குரல். பிறகு என் கைகளைப் பார்த்தபடி சொன்னாள்: "நீ தொட்டிருந்தா பொளச்சிருப்பா. தொட மாட்டேன்னுட்டியே."

  

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் உடற்கூறியல் தொடங்கியது. பிணங்கள் கிடந்த கூடத்துக்குள் நுழைந்ததுமே சிலர் வாந்தியெடுத்தார்கள். ஒருவர் மயங்கி விழுந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் என்னைச் சுட்டிக்காட்டி, இந்தச் சின்னப் பெண்ணுக்கு இருக்கிற நெஞ்சுரம் உங்களுக்கு இல்லையே என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.